மனுக்காவின் நான்கு தேர்தல்கள்

எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மனு அடித்துத் தரும் அக்கா என்று ஆரம்பித்து, தேய்ந்து தேய்ந்து மனுக்கா ஆகிவிட்டது. வாக்குச்சாவடிக்குள் போய் வேட்பாளர் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுல மனுக்கா எங்க சார்?" என்று அதிகாரியைக் கேட்டவர்கள் உண்டு. நான்கு தேர்தலில் நின்றவர். இரண்டில் ஜெயித்தார், இரண்டில் தோற்றார். நான்கையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். பக்கத்தில் என்றால் நிஜமாகவே பக்கத்தில். அவருடைய டைப் மேசைக்கும் என் ஜெராக்ஸ் மெஷினுக்கும் நடுவே இரண்டடிதான்.

பத்துக்கு எட்டு அறை. வாடகையில் ஆளுக்குப் பாதி. வாசலில் நின்றால் எதிரே அரசு அலுவலகக் கட்டடம்: கீழே நிலப் பதிவு, முதல் மாடியில் குடிநீர் வாரியம், அதற்கு மேல் ஓய்வூதியப் பிரிவு. மூன்று மாடிக்கும் போகிற காகிதம் எங்கள் அறையில் பிறந்துதான் போகும். அக்கா அடிப்பார், நான் நகல் எடுப்பேன். மனு கொடுக்க வருகிறவர்கள் முதலில் அழுவார்கள். அக்கா விசையில் விரலை வைக்காமல் முழுவதையும் கேட்பார். பிறகு, "அழுகையெல்லாம் எங்கிட்ட சொல்லியாச்சுல்ல? பேப்பர்ல தேதிய மட்டும் போடுவோம். அவங்களுக்குத் தேதியப் பாத்தாத்தான் பயம்" என்பார். மூன்றே பத்தி. கீழே கையெழுத்து. கார்பன் நகல் ஒன்றைத் தனக்கென்று கோப்பில் போட்டுக்கொள்வார். பதினாறு வருஷ நகல்கள் சுவரோரமாக என் தோள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. எனக்குக் காகிதக் கட்டு வைக்க இடமில்லாமல் போனது அதனால்தான்.

முதல் தேர்தல் தற்செயலாக வந்தது. எங்கள் தெரு முனையில் பெரிய இரும்புக் கடை வைத்திருந்தவர் கட்சியின் உள்ளூர்த் தலைவர். அந்த முறை அவருக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது. வேட்புமனு அடிக்க எங்களிடம்தான் வந்தார். பிரதான வேட்பாளரின் மனு ஏதாவது காரணத்தால் தள்ளுபடியானால் கட்சிக்கு ஆளில்லாமல் போகக்கூடாது என்று, மாற்று வேட்பாளர் என ஒருவரையும் மனுப் போட வைப்பார்கள். அவருடைய மைத்துனர்தான் மாற்று என்று முடிவாகியிருந்தது. ஆனால் மைத்துனரின் பெயர் வாக்காளர் பட்டியலில் தப்பாக அச்சாகியிருந்தது. திருத்த நேரமில்லை. கடைசி நாள், மணி ஒன்றரை. மூன்று மணிக்கு மூடிவிடுவார்கள்.

இரும்புக்கடைக்காரர் அறையைச் சுற்றிப் பார்த்தார். அவர் தெருவுக்கே கட்சி அட்டை கொடுத்தவர். என்னிடமும் ஒன்று இருந்தது, அக்காவிடமும் இருந்தது. என் வயது போதாது.

"நீங்களே ஒங்க பேர அடிச்சுக்குங்கம்மா. சும்மா ஒரு ஒப்புக்குத்தான்" என்றார்.

அக்கா தன் பெயரை அடித்தார். அவ்வளவுதான் ஆரம்பம்.

அவருடைய கணவர் அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் சிரிக்க வைப்பார். சாயங்காலம் கடைக்கு வந்தவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மாற்று வேட்பாளர்னா கிரிக்கெட்ல பன்னிரண்டாவது ஆள் மாதிரியா?" என்றார்.

"அதே மாதிரிதான்."

"அப்ப தண்ணி பாட்டில் எடுத்துக்க. பேட் வேண்டாம்."

இரண்டு நாள் கழித்து வேட்புமனு பரிசீலனை. நான் நகல்கள் கொண்டு போயிருந்ததால் கூடத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்து ஒரு காகிதத்தை நீட்டினார். இரும்புக்கடைக்காரர் குடிநீர் வாரியத்துக்குக் குழாய் கொடுக்க ஒப்பந்தம் போட்டிருந்தார். அந்த ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை, கடைசித் தவணைக் குழாய்கள் போய்ச் சேரவில்லை. அரசோடு ஒப்பந்தம் உள்ளவர் தேர்தலில் நிற்க முடியாது. தேர்தல் அதிகாரி இரண்டு முறை படித்தார், வாரியத்துக்குப் போன் போட்டுக் கேட்டார், மனுவைத் தள்ளினார். பிறகு அதே குரலில் அடுத்த பெயரைப் படித்தார். அக்காவின் மனு ஏற்கப்பட்டது.

கூடத்தில் இருந்த கட்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். வெளியே படிக்கட்டில் இரும்புக்கடைக்காரர் அவரை நிறுத்தினார்.

"அந்த ஒப்பந்தத்த டைப் அடிச்சது நீங்கதானே?"

"ஆமாங்க."

"அப்ப அவங்களுக்கு எப்படிப் போச்சு?"

அக்கா குரலை உயர்த்தவில்லை. "ஒப்பந்தப் பட்டியல் வாரியத்து நோட்டீஸ் பலகையில மூணு மாசமா ஒட்டியிருக்குங்க. நானே ஒங்ககிட்ட கேட்டேன். அரசு ஒப்பந்தம் உண்டாங்கிற எடத்துல நிறுத்தி, குழாயெல்லாம் குடுத்து முடிச்சாச்சான்னு கேட்டேன். 'அதெல்லாம் போன மாசமே முடிஞ்சுது, நீங்க அடிங்க'ன்னீங்க. தம்பியும் பக்கத்துலதான் இருந்தான்."

நான் தலையசைத்தேன். கேட்டது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். ஊரில் ஒரு பேச்சு பரவ அது போதும். டைப் அடிக்கிறவள் தலைவரைக் கவிழ்த்துவிட்டு நாற்காலியில் ஏறப் பார்க்கிறாள் என்றார்கள். தலைமை அலுவலகத்துக்கு இதெல்லாம் தெரியாது, நேரமும் இல்லை. "அந்தம்மாவே நிக்கட்டும்" என்று போனில் ஒரு வரி வந்தது.

மறுநாள் காலை அக்கா மெஷினில் காகிதம் செருகினார். "வாபஸ் வாங்க இன்னைக்கு மூணு மணி வரைக்கும் நேரம் இருக்கு தம்பி. எத்தன பேருக்கு அடிச்சுக் குடுத்திருக்கேன், எனக்கு ஒண்ணு அடிச்சுக்க மாட்டேனா" என்றார். இரண்டு வரி அடித்திருப்பார். வாசலில் தையல்காரம்மா வந்து நின்றார்.

தையல்காரம்மாவின் கணவர் நகராட்சியில் வேலை பார்த்து இறந்துபோனவர். குடும்ப ஓய்வூதியம் கேட்டு அந்த அம்மா நடையாய் நடந்துகொண்டிருந்தார். "அஞ்சாவது தடவையா அடிச்சுக் குடும்மா. போன தடவை குடுத்தது வரவே இல்லங்கறாங்க" என்றார். "வரலன்னா? நான்தானே ஒங்ககூட மாடி ஏறி வந்து குடுத்தேன்" என்றேன் நான். "அது எனக்குத் தெரியுது, ஒனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியலயே."

அக்கா தன் காகிதத்தை உருவி ஓரமாக வைத்தார். தையல்காரம்மாவின் ஐந்தாவது மனுவை அடித்தார். அடித்து முடித்துக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டு வெகுநேரம் எதிர்க் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணி கடந்துபோனது.

பிரச்சாரத்துக்குப் பதினாறு நாள். முதல் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஓட்டுப் போடுங்க. நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். கட்சிக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். மைக் செட்காரர், "டெஸ்டிங் பண்ணவே நான் இத விட அதிகமா பேசுவேன்" என்று என்னிடம் முணுமுணுத்தார்.

மறுநாள் அக்கா மேடையை விட்டுவிட்டார். சுவரோரம் இருந்த கோப்புகளில் இருந்து தெருவாரியாக நகல்களை எடுத்தார். ஒரு தெருவுக்குள் நுழைந்ததும் நடுவில் நின்று படிப்பார். "இந்தத் தெருவுல இருந்து வடிகால் கேட்டு நாலு மனு போயிருக்கு. முதல் மனு, ஏழு வருஷத்துக்கு முன்னாடி, மார்ச் ஒம்போதாம் தேதி." ஜன்னல்கள் திறக்கும். ஒரு மாடியில் இருந்து ஒருவர், "அது நான் குடுத்ததுதான்" என்றார். "தெரியும்ணே. மஞ்சச் சட்டை போட்டுட்டு வந்தீங்க. மூணு தடவ 'கால்வாய்'னு சொன்னீங்க, நான் 'வடிகால்'னு மாத்துனேன்." தெருவே சிரித்தது. அவருடைய மனைவி கீழே இறங்கி வந்து, அந்தச் சட்டை இன்னும் இருக்கிறது என்றார். பதினாறு நாளில் அக்காவின் குரல் கட்டிப்போனது. கடைசி இரண்டு நாள் அவர் தேதியைக் காட்ட, நான் படித்தேன்.

முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். எக்ஸ்ரேக்காரர் கடை வாசலில் நின்று, "பன்னிரண்டாவது ஆள் செஞ்சுரி அடிச்ச கத எங்கயாவது உண்டா?" என்று வருகிறவர் போகிறவரை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

சட்டமன்றத்தில் அவருக்குக் கடைசி வரிசையில், ஒரு தூணை ஒட்டி இடம். கட்சி ஆட்சியில் இருந்தது. கைதூக்கச் சொன்னால் தூக்க வேண்டும், அதுதான் வேலை. உறுப்பினர் விடுதியில் இரண்டு கட்டில் போட்ட அறை, சொட்டிக்கொண்டே இருக்கும் ஒரு குழாய். மகளுக்கு அப்போது பதினொன்று. தினமும் போனில் கேட்பாள், "இன்னைக்காவது பேசினியாம்மா?" "கை தூக்கினேன்டி." "அது நானும்தான் கிளாஸ்ல தூக்கறேன்."

ஒரு வருஷம் இப்படிப் போனது. ஊருக்கு வந்திருந்த ஒரு சனிக்கிழமை அக்கா கடைக்குள் வந்து முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்தார். "தம்பி, அங்க கேள்விய எழுதிக் குடுத்தா மந்திரி எழுத்துல பதில் சொல்லியே ஆகணுமாம். யாரும் எனக்குச் சொல்லவே இல்ல. விதிப் புத்தகத்தப் படிச்சுக் கண்டுபிடிச்சேன். மனு மாதிரியே இருக்கு, ஆனா இதுக்குப் பதில் வருது."

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் கட்டுக் கட்டாகக் கேள்விகள். மூன்று பத்தி, தேதி, கையெழுத்து. அதில் ஒன்று: கடந்த ஆண்டு ஓய்வூதியப் பிரிவுக்கு வந்த மனுக்கள் எத்தனை, பதில் அனுப்பப்பட்டவை எத்தனை? பதில் வந்தது: "அத்தகைய விவரம் பராமரிக்கப்படுவதில்லை."

அந்தப் பதிலை நகல் எடுக்கச் சொல்லி அக்கா என்னிடம் கொடுத்தார். "ஒரு வருஷத்துல எத்தன பேர் வந்தாங்கன்னே தெரியாது தம்பி. நாம இங்க எழுத்து எழுத்தாப் பாத்து அடிக்கிறோம்."

தையல்காரம்மாவின் ஏழாவது மனுவை எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாக மாடி ஏறினார்கள். கவுண்டர் எழுத்தர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். மனுவை வாங்கிக்கொண்டார்.

"வாங்கிக்கிட்டதுக்கு ஒரு சீட்டு குடுங்க" என்றார் அக்கா.

"எம்.எல்.ஏ.வுக்கு எதுக்கும்மா சீட்டு? நீங்க சொன்னாலே போதாதா?"

"எனக்கு வேண்டாம். இவங்களுக்குக் குடுங்க."

"அந்த மாதிரி குடுக்கறதுக்கு விதியில எடமில்லம்மா."

நான்காவது மாதம் தையல்காரம்மாவுக்கு ஓய்வூதியம் வந்துவிட்டது. ஒரு ரவிக்கை தைத்துக்கொண்டு வந்து அக்கா கையில் கொடுத்தார். அக்கா சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டார். அவர் போனபிறகு சொன்னார்: "எம்.எல்.ஏ. கூட மாடி ஏறினாத்தான் பென்ஷன் வரும்னா, ஒரு எம்.எல்.ஏ. எத்தன பேர் கூட ஏற முடியும்?"

விதியில் இடமில்லை என்றால் இடம் உண்டாக்க வேண்டியதுதான் என்று, மந்திரியாக இல்லாத உறுப்பினரும் கொண்டுவரக்கூடிய தனிநபர் மசோதா ஒன்றை அவர் எழுதினார். மூன்றே பிரிவு. அரசு அலுவலகத்தில் யார் மனு கொடுத்தாலும் எண்ணும் தேதியும் போட்ட ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். தர முடியாவிட்டால் காரணத்தை அதிகாரி தன் பெயரோடு எழுத வேண்டும். எங்கள் அறையில்தான் அடித்தார். ஒன்பது தடவை திருத்தினார்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், அவையில் பாதி நாற்காலி காலியாக இருந்தபோது, மசோதாவுக்கு முறை வந்தது. ஏழு நிமிஷம் பேசினார். அமைச்சர் மரியாதையாகவே பதில் சொன்னார்: நல்ல நோக்கம், அரசு கவனத்தில் கொள்ளும், ஆகவே உறுப்பினர் மசோதாவைத் திரும்பப் பெற வேண்டும். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். அக்கா எழுந்தார். "திரும்பப் பெறவில்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். குரல் வாக்கெடுப்பில் ஆம் என்றவை நாலு குரல். இல்லை என்றது மீதி அவை.

வெளியே தாழ்வாரத்தில் கட்சிக் கொறடா அவரை நிறுத்தினார். "ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்கும்மா."

"அந்த ஒரு வார்த்ததான் வாயில வரல சார்."

அடுத்த தேர்தலில் டிக்கெட் இரும்புக்கடைக்காரருக்குப் போனது. இந்தத் தடவை அவர் கையில் எந்த ஒப்பந்தமும் இல்லை. ஐந்து வருஷமாக அக்காவோடு அவர் பேசவில்லை. தெருவில் எதிரே வந்தால் கடைப் பலகையைப் படிப்பதுபோலப் போய்விடுவார். அக்கா சுயேச்சையாக நின்றார். நிற்காமல் இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும். நாலாயிரத்துச் சொச்சம் வாக்கு, மூன்றாம் இடம், டெபாசிட்டும் போச்சு. அவர் பிரித்த வாக்கில் இரும்புக்கடைக்காரரும் தோற்றார். எதிர்க்கட்சிக்காரர் மாலையோடு ஊர்வலம் போனார். இரும்புக்கடைக்காரரின் கோபம் இரண்டு மடங்கானது.

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா கடை வாசலில் வந்து நின்றார். அவருடைய மேசைமேல் டைப் மெஷினுக்கு மட்டும் இடம் விட்டு, நான் ஐந்து வருஷமாகக் காகிதக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தேன்.

"மேசைய காலி பண்ணு தம்பி" என்றார்.

கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிப் போட்டோம். முதல் இரண்டு மாதம் அவர் சரியாகப் பேசவில்லை. முன்னாள் எம்.எல்.ஏ.விடம் மனு அடிக்கக் கூச்சப்பட்டுச் சிலர் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். எக்ஸ்ரேக்காரர் தினமும் மதியம் வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்.

மகள்தான் அதை மாற்றினாள். அவளுக்குப் பதினாறு ஆகியிருந்தது. பள்ளிக் கட்டண ரசீது ஒன்றைக் கையில் வைத்து ஆட்டியபடி வந்தாள். "அம்மா, சீட்டு அவங்கதான் குடுக்கணுமா? இது மாதிரி கீழ ஒரு புள்ளிக் கோடு போட்டு நீயே அச்சடிச்சா என்ன? அவங்க கையெழுத்து மட்டும் போட்டுக் கிழிச்சுக் குடுக்கட்டும்."

அக்கா ரசீதை வாங்கி அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரின் பக்கம் திரும்பினார். அன்றிலிருந்து எங்கள் அறையில் இருந்து போன ஒவ்வொரு மனுவின் அடியிலும் ஒரு புள்ளிக் கோடு. அதற்குக் கீழே: இம்மனு பெறப்பட்டது, எண், தேதி, கையொப்பம்.

முதல் மனுவோடு நானே மாடி ஏறினேன். எழுத்தர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன புதுசா இருக்கு?"

"தெரியல சார். ஃபாரமே இப்ப இப்படித்தான் வருது" என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார். கட்டம் இருந்தால் நிரப்பியே பழகிய கை. எண் போட்டார், தேதி போட்டார், கையெழுத்திட்டார், அடிமட்டத்தை வைத்து நேராகக் கிழித்தும் கொடுத்தார். கீழே வந்து சீட்டை மேசைமேல் வைத்தேன். அக்கா அதைத் தொடாமல் குனிந்து படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இரண்டு வருஷத்தில் எங்கள் தெருவில் இருந்த மற்ற டைப் கடைகள் எல்லாம் புள்ளிக் கோடு போட ஆரம்பித்தன. யாரும் அக்காவைக் கேட்கவில்லை, அக்காவும் யாரையும் கேட்கவில்லை. வேறு ஊர்களுக்கும் போனது. ஒரு சரக்கு லாரி டிரைவர், எட்டு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் ஓர் ஊரில் கொடுத்த மனுவை நகலெடுக்க வந்தார். அதன் அடியிலும் அதே ஐந்து சொல், அதே வரிசையில்.

மூன்றாவது தேர்தலிலும் சுயேச்சைதான். இந்த முறை ஆட்கள் தாங்களாகவே வந்து வேலை செய்தார்கள். இருபத்தேழு வாக்கில் தோற்றார். மறு எண்ணிக்கை கேட்டோம், மறுபடியும் இருபத்தேழுதான். வாக்குப்பதிவு அன்று எக்ஸ்ரேக்காரரால் ஓட்டுப் போட முடியவில்லை. ஒரு பேருந்து கவிழ்ந்து முப்பது பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அவர் அறையை விட்டு வெளியே வந்தபோது வாக்குச்சாவடி மூடியாகிவிட்டது. எண்ணிக்கை மையத்தின் வாசலில் அவர் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார்.

"எனக்கு இருபத்தேழு கொறயுதுங்க. நீங்க ஒரு ஆள்" என்றார் அக்கா. "அன்னைக்குக் கையுடைஞ்சவங்களுக்கெல்லாம் படம் எடுத்தாச்சுல்ல?"

"எடுத்தாச்சு."

"அப்ப வாங்க, வீட்டுக்குப் போவோம்."

அடுத்த வாரம் மேசையில் வந்து உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவை யாரும் பக்கத்துக் கடைக்குப் போகவில்லை.

மூன்று வருஷம் ஆனது. பிரதான சாலையை அகலப்படுத்த அளவெடுத்தார்கள். இரும்புக் கடையின் முகப்பில் பன்னிரண்டடி போகும் என்று வந்தது. அந்த வரிசையில் இருபத்திரண்டு கடை. "ஆட்சேபணை எதுவும் பெறப்படவில்லை; ஆகவே இடிக்கப்படும்" என்று அறிவிப்பு ஒட்டினார்கள். இரும்புக்கடைக்காரர் ஆட்சேபணை கொடுத்திருந்தார். எங்களிடம் வராமல் பக்கத்துத் தெரு டைப் கடையில் அடித்துக் கொடுத்திருந்தார். அந்த மனுவின் அடியிலும் புள்ளிக் கோடு இருந்தது. கிழித்துக் கொடுத்த சீட்டைச் சட்டைப்பையில் போட்டு, பிறகு கல்லாவுக்குள் போட்டு மறந்திருந்தார். தேடி எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனார். எண் இருந்தது, தேதி இருந்தது, அவர்கள் ஆளின் கையெழுத்தே இருந்தது. அலமாரியைக் குடைந்து மனுவைக் கண்டுபிடித்தார்கள். விசாரணை நடந்தது. எதிர்ப்புறம் காலியாகக் கிடந்த அரசு இடத்தின் பக்கம் சாலை நகர்ந்தது. இருபத்திரண்டு கடையும் பிழைத்தது.

ஒரு நாள் மதியம் எங்கள் வாசலில் நிழல் விழுந்தது. பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு இரும்புக்கடைக்காரர் உள்ளே வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் அந்தச் சீட்டு.

"இது ஒங்க வேலதானாமே. டைப் அடிக்கிற பையன் சொன்னான்."

"என் பொண்ணோட யோசனைங்க" என்றார் அக்கா.

அவர் உட்காரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு அந்தக் குழாய் விஷயம். கடைசி லோடு என் கிடங்குலயே கெடந்தது. பரிசீலனை முடிஞ்சு போய்ப் பாத்தேன். நீங்க கேட்டதும் ஞாபகம் வந்துது. மறந்துட்டேன்னு ஊருக்கு முன்னாடி சொல்லக் கூச்சமா இருந்துது. ஒங்க மேல பழியப் போட்டுட்டேன்."

அறையில் என் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன்.

அக்காவின் கண் கலங்கிவிட்டது. பதின்மூன்று வருஷம் அந்தப் பழியை அவர் ஒரு நாளும் என்னிடம்கூடப் பேசியதில்லை. பேசாமல் இருந்ததால் வலிக்கவில்லை என்று நான் நினைத்திருந்தேன். "உக்காருங்க" என்றார். "டீ சொல்றேன்."

டீ வந்தது. பாதி குடித்ததும் அவர் சொன்னார், "வர்ற தேர்தல்ல நான் நிக்கல. தலைமையில ஒங்க பேரச் சொல்லப் போறேன்."

"சொல்லுங்க. ஆனா ஒண்ணு. மசோதாவத் திரும்பப் பெறுன்னு யாரும் எங்கிட்ட கேக்கக்கூடாது."

"கேட்டா மட்டும் குடுத்துடவா போறீங்க" என்றார் அவர். அன்றுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

நான்காவது தேர்தலில் இரும்புக்கடைக்காரரே ஜீப்பில் ஏறி மைக்கைப் பிடித்தார். தெருத் தெருவாகக் குழாய்க் கதையைச் சொன்னார். தன் தப்பைத் தானே மைக்கில் சொல்லும் தலைவரை ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. அதைக் கேட்கவே கூட்டம் சேர்ந்தது. பதினோராயிரத்து அறுநூறு வாக்கு வித்தியாசம். எக்ஸ்ரேக்காரர் காலை ஏழு மணிக்கே வரிசையில் முதல் ஆளாக நின்று ஓட்டுப் போட்டார். மை வைத்த விரலை ஒரு வாரம் எல்லாருக்கும் காட்டினார்.

சட்டம் உடனே வந்துவிடவில்லை. இரண்டு வருஷம் ஒரு குழு, அதற்கு மேல் ஒரு குழு. கடைசியில் அரசே மசோதாவாகக் கொண்டுவந்தது. முப்பது நாள் நாற்பத்தைந்து ஆகியிருந்தது. அக்காவின் பெயர் எங்கும் இல்லை. நான் வருத்தப்பட்டேன். "நான் அடிச்ச எந்த மனுவுல என் பேர் இருந்துது?" என்று கேட்டுவிட்டு அவர் தன் பேச்சுக்குக் குறிப்பு எடுக்கப் போய்விட்டார். நாலு நிமிஷம் பேசினார். பார்வையாளர் மாடத்தில் நானும் எக்ஸ்ரேக்காரரும் மகளும் இருந்தோம். ஆம் என்ற குரல் எழுந்தபோது மகள் அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். இல்லை என்போர் என்று அவைத் தலைவர் கேட்டார். யாரும் இல்லை.

எங்கள் எதிர்க் கட்டடத்தில் எண் ஒன்று போட்ட முதல் சீட்டை வாங்கியவர், பக்கத்து வீட்டு நாய் குரைப்பதாகப் புகார் கொடுக்க வந்தவர். அக்கா அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாய்க்கும் பதில் வந்தது, முப்பத்தெட்டாவது நாளில்.

இப்போது அவருக்கு வேறு கவலை. பதில்கள் வருகின்றன, வந்த பதில் யாருக்கும் புரியவில்லை. கடிதத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்கே வந்து, "இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்கிறார்கள். போன சனிக்கிழமை காலை அக்கா ஒரு கட்டுக் கடிதங்களோடு வந்து உட்கார்ந்தார். மகளும் வந்திருந்தாள். அவள் இப்போது நாலாம் வகுப்பு ஆசிரியை. கையில் சிவப்புப் பேனா. இரண்டு பேரும் எளிய தமிழில் மாதிரிப் பதில்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது'ன்னா என்னம்மா அர்த்தம்?" என்றாள் மகள்.

"யாரும் இன்னும் பிரிச்சே பாக்கலன்னு அர்த்தம்."

"அப்ப அதயே எழுது."

அக்கா அடித்தார். நான் எட்டிப் பார்த்தேன். "உங்கள் மனுவை இன்னும் யாரும் படிக்கவில்லை" என்று இருந்தது.

"அக்கா, இத எந்த ஆபீசர் கையெழுத்துப் போட்டு அனுப்புவாரு?"

"அனுப்பக் கூச்சமா இருந்தா, படிச்சிட்டு அனுப்பட்டும்" என்றார் அவர், திரையில் இருந்து கண்ணை எடுக்காமல்.

மொத்தம் பன்னிரண்டு மாதிரிக் கடிதங்கள். ஒவ்வொன்றிலும் இருபது நகல் எடுத்துக் கொடுத்தேன். அமைச்சரிடம் நேரம் கேட்டிருக்கிறார். வரும் திங்கட்கிழமை பத்தரை மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.